அலாரம் ஏன் வரவில்லை? சர்வர் அறைத் தொலைக் கண்காணிப்பில் பிழை நீக்கும் வழிமுறை

தவறாக அலறும் சென்சாரை யாராவது எரிச்சலோடாவது போய்ப் பார்த்துவிடுவார்கள். ஊமையாகிப்போன சென்சாரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அறை 40 டிகிரியைத் தொட்டு, டிஸ்குகள் ஒவ்வொன்றாகப் படுத்த பிறகு, "அலாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்கும்போதுதான் அது ஊமை என்பதே தெரியவருகிறது. அதனால்தான் இந்த வழிமுறையில் அலாரம் வராமல் போகும் அறிகுறிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஓயாமல் வந்து தொல்லை தரும் அலாரம் அடுத்தபடிதான்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். சென்சார்களைப் படித்து அலாரம் அனுப்பும் கண்காணிப்புப் பெட்டியை எடுத்த எடுப்பிலேயே அணைத்துப் போடாதீர்கள். சிறிய பெட்டிகள் பலவற்றில் நிகழ்வுப் பதிவு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். அணைத்தால் தடயம் அத்தனையும் போய்விடும். முதலில் பதிவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பெட்டி காட்டும் நேரத்தையும் உங்கள் கைக்கடிகார நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது குறிப்பு எத்தனை முறை உதவியிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

சென்சாரிலிருந்து உங்கள் காதுக்கு வந்து சேர ஒரு செய்தி நெடுந்தூரம் கடக்கிறது: சென்சார், கம்பி, பெட்டி, ஸ்விட்ச், ரவுட்டர், மின்னஞ்சல் அல்லது எஸ்எம்எஸ் சேவை, கைப்பேசி, கடைசியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். எங்கே அறுந்தது என்று தேட ஒரு முனையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நடுவில் வெட்டிப் பாருங்கள். சம்பவம் நடந்த நேரத்தில் வரம்பு மீறியதாகப் பெட்டியின் பதிவில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் சென்சார் பக்கம் சரி, அனுப்பிய பக்கத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சல் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருப்பது வீண்.

## அறை சூடாகிவிட்டது, ஒரு செய்தியும் வரவில்லை

பதிவில் வரியே இல்லை என்றால், சென்சார் எங்கே தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கதவருகே சுவரில் இருக்கும், அல்லது ஏசியின் குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருக்கும். கம்பி இழுக்க வசதியான இடம் என்று யாரோ மாட்டியிருப்பார்கள். ஆனால் சர்வர் மூச்சிழுப்பது ரேக்கின், அதாவது சர்வர்களை அடுக்கிவைக்கும் இரும்புச் சட்டத்தின், முன்பக்கத்தில். குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்ற வரம்பு, சர்வருக்குள் நுழையும் காற்றுக்கு உரியது; அறையின் பொதுவான வெப்பத்துக்கு உரியது அல்ல. ரேக்கின் பின்னால் வெளியேறும் சூடான காற்று மேலே எழும்பி, உச்சிவழியாக மீண்டும் முன்பக்கம் இறங்குவது வழக்கம். ஆகவே ஒரே ஒரு சென்சார்தான் இருக்கிறது என்றால், ரேக்கின் முன்கதவில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மாட்டுங்கள். 27 டிகிரியில் முதல் எச்சரிக்கை, 32 டிகிரியில் அவசர அலாரம் என்று வைத்தால் பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும்.

அடுத்து, பராமரிப்பு நிலை. ஏசி பழுதுபார்க்க வந்தவர்களுக்காக அலாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். முடியும் நேரம் குறிப்பிடாமல் அலாரத்தை நிறுத்த அனுமதிக்கும் மென்பொருளாக இருந்தால், அந்த வசதியையே பூட்டிவிடுவது நல்லது.

பதிவில் வரி இருக்கிறது, அனுப்பியதில் பிழை என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் பெரும்பாலும் மின்னஞ்சல் சர்வர் பெட்டியை ஏற்கவில்லை. பழைய பெட்டிகள், இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0 அல்லது 1.1 பதிப்பை மட்டுமே பேசும். இவ்விரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டவை. மின்னஞ்சல் சேவை அவற்றுக்குக் கதவை மூடிய நாளிலிருந்து உங்கள் பெட்டி ஊமை. கடவுச்சொல் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையையும் பெரிய சேவைகள் வரிசையாக நிறுத்திவருகின்றன. பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் (அதனுள் ஓடும் மென்பொருள்) இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் உள்வலையமைப்பிலேயே ஓர் அஞ்சல் இடைச்சர்வரை வைத்து, பெட்டி அதனிடம் கொடுக்க, அது வெளியே நவீன முறையில் அனுப்பும்படி செய்யுங்கள்.

"சோதனை மின்னஞ்சல் வருகிறது, உண்மையான அலாரம்தான் வருவதில்லை" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில அஞ்சல் சர்வர்கள் முன்பின் தெரியாத அனுப்புநரின் முதல் முயற்சியைத் தற்காலிகமாக மறுத்து, சில நிமிடம் கழித்து மீண்டும் வந்தால் ஏற்கும். குப்பை அஞ்சலை வடிகட்ட இது ஒரு வழி. முழுமையான அஞ்சல் சர்வர் பொறுமையாக மீண்டும் வரும். சின்னப் பெட்டியோ ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சோதனையின்போது நீங்கள் பொத்தானை மூன்று முறை அழுத்தியிருப்பீர்கள், மூன்றாவது போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கும் இடைச்சர்வரே மருந்து.

"அனுப்பப்பட்டது" என்று பதிவு சொல்கிறது, உங்களுக்கு வரவில்லை என்றால் குப்பை அஞ்சல் பெட்டியையும், எப்போதோ நீங்களே எழுதிவைத்த வடிகட்டல் விதிகளையும் பாருங்கள். அதற்குப் பிறகு கைப்பேசி. ஆண்ட்ராய்டில் 6.0 பதிப்பிலிருந்து, பயன்படுத்தாமல் வைத்த கைப்பேசியில் மின்கலச் சேமிப்பு செயலிகளை உறங்கவைக்கிறது. அலாரச் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இரவில் 'தொந்தரவு செய்யாதே' நிலையையும் மீறி அது ஒலிக்கிறதா என்பதை, கைப்பேசியை உண்மையிலேயே அந்த நிலையில் வைத்துச் சோதியுங்கள்.

## மின்தடைக்குப் பிறகு மட்டும் அலாரம் வருவதில்லை

இந்த ஓர் அறிகுறிக்குப் பின்னால் நான்கைந்து கோளாறுகள் கைகோத்து நிற்கும். மின்சாரம் போகும் நேரத்தைவிட அது திரும்பி வரும் நேரத்தைக் கண்டே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏசிகளில் பல, மின்சாரம் திரும்பியதும் தாமாக ஓடத் தொடங்குவதில்லை. தானியங்கி மறுதொடக்க அமைப்பு இருந்து, அது இயக்கப்பட்டும் இருக்க வேண்டும். சர்வர்களோ யுபிஎஸ் தயவில் நிற்காமல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கண்காணிப்பும் வாயடைத்துப்போகும்.

முதலில் சுற்றுப்பாதையைப் பாருங்கள். பெட்டி யுபிஎஸ்ஸில் இருக்கும். ஸ்விட்சும் இருக்கும். இணைய நிறுவனத்தின் ஃபைபர் மோடம் மட்டும் வரவேற்பறையில் சாதாரண பிளக்கில் இருக்கும். "மின்சாரம் போய்விட்டது" என்ற செய்தியை, மின்சாரம் இல்லாததாலேயே அனுப்ப முடியாது. அலாரம் கடந்து செல்லும் ஒவ்வொரு சாதனத்தின் மின்கம்பியையும் கையால் பிடித்துக்கொண்டு, அது எங்கே போய்ச் செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பெட்டியின் கடிகாரம். உள்ளே நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோயிருந்தால், அணைந்து எழுந்த பெட்டி தன்னை 1970 ஜனவரி 1ஆம் தேதியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நேரத்தைத் திருத்திக்கொள்ள அது என்டிபி சர்வரைத் தேடுகிறது. சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற டிஎன்எஸ் வேண்டும். உங்கள் டிஎன்எஸ் அதே அறையில் இன்னும் எழுந்திராத ஒரு மெய்நிகர் சர்வரில் இருக்கிறது. நேரம் திருந்தவில்லை. இந்த நிலையில் அலாரம் அனுப்ப அஞ்சல் சர்வரை அணுகுகிறது. அதன் டிஎல்எஸ் சான்றிதழைப் பார்க்கிறது. "இச்சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை" என்று முடிவுசெய்து இணைப்பைத் துண்டிக்கிறது. 1970இல் நிற்பவருக்கு இந்த ஆண்டுச் சான்றிதழ் எதிர்காலச் சமாசாரம்தானே. சான்றிதழைச் சரிபார்க்காத பெட்டியாக இருந்தால் அஞ்சல் போகும். ஆனால் 1970ஆம் ஆண்டுத் தேதி தாங்கிப் போவதால் குப்பையில் விழலாம், அல்லது பட்டியலின் அடியாழத்தில் புதைந்துபோகலாம்.

பதிவில் 1970 என்ற எண்ணைக் கண்டதுமே இந்தச் சங்கிலி முழுவதையும் சந்தேகியுங்கள். மின்கலத்தை மாற்றுங்கள். என்டிபிக்குப் பெயருக்குப் பதில் எண் முகவரியைக் கொடுங்கள். உங்கள் ரவுட்டரோ மைய ஸ்விட்சோ என்டிபி சேவை தரக்கூடியதாக இருந்தால் அதுவே பொருத்தம். இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாக அறைக்கு வெளியே உள்ள ஒன்றை எழுதுங்கள்.

மூன்றாவது, ஸ்விட்சின் தயக்கம். வலையமைப்பில் சுழல் ஏற்படாமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில், ஒரு போர்ட்டில் இணைப்பு எழுந்ததும் ஸ்விட்ச் 15 நொடி கேட்கிறது, 15 நொடி கற்கிறது, அதன் பிறகே போக்குவரத்தை விடுகிறது. கண்காணிப்புப் பெட்டி அதற்குள் எழுந்து, "நான் வந்துவிட்டேன், வெப்பம் 33" என்று சொல்லி முடித்திருக்கும். அந்த 30 நொடியில் சொன்னதெல்லாம் கிணற்றில் போட்ட கல். பெட்டி இருக்கும் போர்ட்டை முனைப் போர்ட்டாக (எட்ஜ் போர்ட்) அமைத்தால் இந்தக் காத்திருப்பு நீங்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் உறுதிசெய்ய ஒரு வழிதான் உண்டு: முன்கூட்டியே சொல்லிவைத்து, அலுவலக நேரத்துக்கு வெளியே, கண்காணிப்புப் பாதையிலுள்ள சாதனங்களின் மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்தித் திரும்பக் கொடுங்கள். பத்து நிமிடம் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

## திரை பச்சை, அறை கொதிக்கிறது

ஓர் அலுவலகத்தில் இரவு முழுக்கக் கண்காணிப்புத் திரை 23.4 டிகிரி என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தவரின் முகத்தில் அனல் அடித்தது. நான் போய் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். முந்தைய மாலைவரை வெப்பக்கோடு ஏசி ஓடி நிற்பதற்கேற்ப அலையலையாக ஏறி இறங்கியிருந்தது. அதன் பிறகு நூல் பிடித்தாற்போல் நேர்கோடு, பதினோரு மணி நேரம். பெட்டியின் வலையமைப்பு அட்டை உறைந்துபோயிருந்தது. மென்பொருள் கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேர்கோட்டை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

உயிருள்ள அறையின் வெப்பம் ஒருபோதும் நேர்கோடாக இராது. தசம இடம்வரை மாறாமல் அரை மணி நேரம் நின்றால் அது அளவீடே அல்ல, பழைய நினைவு.

ஆகவே "வெப்பம் 27க்கு மேல்" என்ற விதியோடு "ஐந்து நிமிடமாகத் தகவல் இல்லை" என்ற விதியையும் எழுதுங்கள். கண்காணிப்பு மென்பொருள்களுள் ஜாபிக்ஸில் இதற்கென்றே 'நோடேட்டா' செயற்கூறு இருக்கிறது. நாகியோஸில் தகவலின் புதுமையைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. ப்ரொமீதியஸில் சென்சாரைப் படிக்க முடியாத நிலைக்குத் தனி விதி எழுத வேண்டும். அளவு மறைந்துபோனால், அந்த அளவை ஒப்பிடும் விதியும் சத்தமில்லாமல் மறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கண்காணிப்பு மென்பொருள் ஓடும் சர்வரே அதே அறையில் இருந்தால்? அறையோடு அதுவும் போய்ச் சேரும். வெளியே எங்காவது இன்னொரு சேவைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று உங்கள் கண்காணிப்புச் சர்வர் சொல்லட்டும். அந்தக் குரல் நின்றால் வெளிச்சேவை உங்களை எழுப்பட்டும். இந்த ஓர் ஏற்பாட்டைக்கூடச் செய்யாமல் பெரிய பெரிய டாஷ்போர்டுகளை அமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

## 85 டிகிரி, கழித்தல் 127 டிகிரி, திடீர் முள்

வரைபடத்தில் அங்கங்கே 85.0 என்று ஒரே ஒரு புள்ளி மட்டும் வானத்தில் நிற்கிறதா? டிஎஸ்18பி20 வகை சென்சார் மின்னூட்டம் பெற்று எழும்போது, முதல் அளவீட்டை எடுத்து முடிக்கும்வரை அதன் நினைவில் இருக்கும் எண் 85. அதாவது சென்சாருக்கு மின்சாரம் ஒரு கணம் அறுந்து வந்திருக்கிறது, அல்லது அளந்து முடிக்கும் முன்பே பெட்டி படித்துவிட்டது. 12 பிட் துல்லியத்தில் அதற்கு 750 மில்லி நொடிவரை தேவைப்படும். கழித்தல் 127 என்றால், பரவலாகப் பயன்படும் நிரல் நூலகம் ஒன்று "சென்சாரையே காணோம்" என்பதற்கு வைத்திருக்கும் குறியீடு. இரண்டிலும் சந்தேகம் கம்பியின் மீதும் செருகியின் மீதும். கம்பி நீளமா, மின்வடத்தோடு ஒரே கட்டில் கட்டப்பட்டிருக்கிறதா, தரவுக் கம்பியில் 4.7 கிலோ ஓம் மின்தடையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த எண்களைக் கண்டு அலாரத்தையே நிறுத்திவிடாதீர்கள். அடுத்தடுத்த மூன்று அளவீடுகளும் மீறினால்தான் அலாரம் என்று வையுங்கள். உண்மையான வெப்பம் ஒரே நொடியில் 60 டிகிரி ஏறி இறங்காது.

## ஒரே அலாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது

வரம்பு 27. அறை 26.9க்கும் 27.1க்கும் இடையில் ஊசலாடுகிறது. ஒவ்வொரு ஊசலுக்கும் இரண்டு செய்திகள், ஒன்று மீறியதற்கு, ஒன்று சரியானதற்கு. விடியும்போது எண்பது செய்திகள். மறுநாள் எவரோ வரம்பை 35க்கு ஏற்றிவிடுவார், அதோடு கண்காணிப்பு முடிந்தது.

வரம்பை ஏற்றுவது தீர்வு அன்று. ஏறும்போது 27, இறங்கும்போது 25 என்று இரண்டு எண்களைப் பிரித்து வையுங்கள்; 25க்குக் கீழ் வந்தால்தான் "சரியானது" என்று சொல்லட்டும். கூடவே, மீறல் மூன்று நிமிடம் நீடித்தால்தான் செய்தி என்றும் வைக்கலாம். ஆனால் அவசர வரம்பான 32க்கு இந்தத் தாமதத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ரேக்குகள் நெருக்கமாக நிரம்பிய சிறிய அறையில் ஏசி நின்றால் வெப்பம் நிமிடக் கணக்கில் ஏறும்.

யுபிஎஸ் "மின்கலத்துக்கு மாறியது" என்று அடிக்கடி இரண்டு நொடி அறிவித்தால், மின்னழுத்தத் தாழ்வா அல்லது அதன் சுயசோதனையா என்று நேரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரே கிழமை, ஒரே மணி என்றால் சுயசோதனை.

## ஒரே நிமிடத்தில் இருநூறு செய்திகள்

மைய ஸ்விட்ச் ஒன்று விழுந்ததும் அதன் பின்னாலுள்ள எல்லாச் சாதனங்களும் "காணோம்" என்று கத்துகின்றன. உண்மையான காரணம் அந்தக் கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக மறைந்துபோகும். நாகியோஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் தாய்ச் சாதனத்தைக் குறிக்கலாம். ஜாபிக்ஸில் அலாரங்களுக்கிடையே சார்பை எழுதலாம். ப்ரொமீதியஸுக்காக அலாரங்களை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் ஒத்தவற்றைக் குழுவாக்கி ஒரே செய்தியாக அனுப்பலாம். அலர்ட்மேனேஜரில் இயல்பாகவே முதல் செய்தி 30 நொடி காத்திருக்கும், தீராத அலாரம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மீண்டும் நினைவூட்டும். வெப்ப அலாரத்துக்கு 4 மணி நேரம் மிக நீளம். அதற்கு மட்டும் தனிப் பாதை வைத்து 15 நிமிடமாகக் குறையுங்கள்.

## எஸ்என்எம்பி ட்ராப் வந்து சேரவில்லை

எஸ்என்எம்பி என்பது வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை; அதில் பெட்டி தானாக அனுப்பும் அறிவிப்பே ட்ராப். அது, பெற்றதற்கு ஒப்புதல் கேட்காத யூடிபி முறையில் 162ஆம் போர்ட்டில் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் அறிய வழியில்லை. பெறும் சர்வரில் பொட்டலங்களைப் பிடித்துப் பாருங்கள். பொட்டலமே வரவில்லை என்றால் ஃபயர்வால் அல்லது பெட்டியில் எழுதிய முகவரி. 161ஆம் போர்ட் திறந்திருப்பதால் 162உம் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். முதலாவதில் நாம் பெட்டியிடம் கேட்கிறோம், இரண்டாவதில் பெட்டி நம்மிடம் சொல்கிறது, திசையே வேறு.

பொட்டலம் வருகிறது, மென்பொருள் கண்டுகொள்ளவில்லை என்றால், எஸ்என்எம்பி பதிப்பு 2சி எனில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயரைப் பாருங்கள். பதிப்பு 3 எனில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக உள்ள என்ஜின் அடையாளத்தைப் பாருங்கள். ட்ராப்பை அனுப்பும் பெட்டியின் என்ஜின் அடையாளம் பெறுபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெட்டியை மாற்றியிருந்தால் அடையாளமும் மாறியிருக்கும். அதே பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருந்தால், அது எத்தனை முறை எழுந்தது என்ற எண்ணிக்கை பின்னுக்குப் போயிருக்கும். பெறுபவர் அதைப் பழைய செய்தியின் போலி என்று கருதித் தள்ளிவிடுவார். நேரம் 150 நொடிக்கு மேல் பின்தங்கினாலும் இதே கதிதான். பெரும்பாலும் திரையில் ஒரு பிழையும் தோன்றாது.

பெட்டி ஆதரித்தால் ட்ராப்புக்குப் பதில் இன்ஃபார்ம் வகையைப் பயன்படுத்துங்கள். அதில் பெறுபவர் பதில் சொல்லாவிட்டால் பெட்டி மீண்டும் சில முறை அனுப்பிப் பார்க்கும். எதுவானாலும், நிமிடத்துக்கு ஒருமுறை நாமே கேட்டுப் பெறும் முறையை நிறுத்த வேண்டாம். ட்ராப் விரைவுக்கு, கேட்டுப் பெறுவது உறுதிக்கு.

## எஸ்எம்எஸ் வரவில்லை, அல்லது துண்டு துண்டாக வருகிறது

சிம் அட்டையின் செல்லுபடிக் காலம் முடிந்திருப்பதுதான் அடிக்கடி காணும் காரணம். யாரும் பேசாத எண், யாருக்கும் நினைவில்லாத ரீசார்ஜ். மோடம் அணைந்து எழுந்தபின் மட்டும் வராவிட்டால், சிம்மில் 'பின்' (PIN) எண் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மோடத்தின் சிக்னல் அளவு 0 முதல் 31 வரை ஓர் எண்ணாக வரும். 99 என்றால் தெரியவில்லை என்று பொருள். 10 என்பது கழித்தல் 93 டெசிபெல் மில்லிவாட். அதற்குக் கீழே நம்ப வேண்டாம். இரும்பு ரேக்கின் உள்ளே கிடக்கும் ஆன்டெனாவை வெளியே எடுத்து மேலே வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பழைய 2ஜி மோடமாக இருந்தால், 2ஜி சேவையைப் பல நாடுகளில் மூடிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தமிழில் செய்தி அனுப்புபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கில எழுத்தில் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். யூனிகோடில் 70 மட்டுமே. நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் 'கு' அந்தக் கணக்கில் இரண்டு இடம் பிடிக்கும், மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் இடம் உண்டு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை இணைக்கத் தெரியாத மோடம் இரண்டாம் பாதியை விட்டுவிடும். முக்கியமான எண் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

## தண்ணீர் தேங்கியும் கசிவு சென்சார் பேசவில்லை

கம்பியை ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள். பெட்டி அப்போதும் "எல்லாம் நலம்" என்கிறதா? அப்படியானால் அது இயல்பில் திறந்த தொடர்பாக, அதாவது அலாரத்தின்போது மட்டும் சுற்று மூடும்படி, இணைக்கப்பட்டிருக்கிறது. அறுந்த கம்பியும் காய்ந்த தரையும் அதற்கு ஒன்றுதான். இயல்பில் மூடிய தொடர்பாக மாற்றினால், கம்பி அறுந்தாலும் அலாரம் வரும். கதவு, புகை, ஏசிக் கோளாறு ரிலே எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள். பெட்டியின் அமைப்பிலும் அதற்கேற்ப மாற்ற மறக்காதீர்கள்.

கசிவுக் கயிற்றை ஈரத்துணியால் தொட்டுச் சோதிக்கலாம். ஆனால் தீயணைப்புப் பலகையின் ரிலேயை மட்டும் நீங்களாகச் சோதிக்க வேண்டாம். வாயு வெளியிடும் அணைப்பு அமைப்பு அதோடு இணைந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனிமைப்படுத்தி வைக்கத் தெரிந்த பணியாளர் முன்னிலையில்தான் அந்தச் சோதனை.

## ஈரப்பதம் நம்பும்படியாக இல்லை

சமையல் உப்பைச் சில துளி நீரில் சேறுபோலக் குழைத்து, ஒரு சிறு மூடியில் வைத்து, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் அடையுங்கள். உப்பு சென்சாரைத் தொடக் கூடாது. வெப்பம் மாறாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். அது உப்பின் இயல்பு. சென்சார் 72க்கும் 78க்கும் இடையில் காட்டினால் நல்லது. 60 என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

## யுபிஎஸ் தொடர்பு அறுந்தது என்கிறது

வலையமைப்பு அட்டை உறைந்திருக்கலாம்; பல யுபிஎஸ்களில் மின்சாரத்தைத் தொடாமல் அட்டையை மட்டும் மறுதொடக்கம் செய்ய முடியும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். சீரியல் கம்பியை மாற்றுவதாக இருந்தால் கிடைத்த கம்பியைச் செருக வேண்டாம். சில யுபிஎஸ்களில் முனைகளின் வரிசை தனித்தன்மையானது, சாதாரணக் கம்பியைச் செருகியதும் அறை முழுவதும் இருண்டுபோகும். மின்கலத்தின் வயதையும் கண்காணிப்பில் சேருங்கள். ஈய அமில மின்கலம் 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தன் ஆயுளில் பாதியை இழக்கிறது.

## செய்தி வந்தது, யாரும் எழுந்து போகவில்லை

ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் போகும் அலாரத்தை, மற்ற நால்வரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று ஐவரும் நினைப்பார்கள். ஒருவருக்கு மட்டும் போகட்டும். பத்து நிமிடத்தில் அவர் "பார்த்தேன்" என்று பதில் தராவிட்டால் அடுத்தவருக்கு, பிறகு மேலாளருக்கு. மின்னஞ்சல் தூக்கத்தைக் கலைக்காது. 32 டிகிரிக்கு மேல் குரல் அழைப்பாகவே போகட்டும்.

செய்தியின் வாசகத்தையும் மாற்றுங்கள். ஒரு பெட்டி இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தது: "அலாரம் 04 சேனல் 2 ஹை 31.2". நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பவருக்கு இரண்டாவது சேனல் எது என்று எப்படித் தெரியும்? அவர் திரும்பிப் படுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அதை இப்படி மாற்றினோம்: "சர்வர் அறை ரேக் 3 முன்புறம் 31 டிகிரி. ஏசி 2 நின்றது." இடைவெளிகளையும் சேர்த்து 53 இடம். ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும், மீதமுள்ள 17 இடத்தில் பொறுப்பாளரின் உள் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம்.